வாசற்பூதத்தின் ஆறாவது கட்டம்

முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டே இதை வாசிக்கப்போகும் என் வயதுக்காரரே, பதின்மூன்று வயதில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கிரிக்கெட் அடித்திருப்பீர்கள். ரியூசன் முடிந்து போகிற பெண்பிள்ளைகளுக்குப் பின்னால் கொழும்பின் காலி வீதியில் சைக்கிள் மிதித்திருப்பீர்கள். நான் பூதம் செய்துகொண்டிருந்தேன். பந்து என் பக்கம் வந்தால் நான் மறுபக்கம் ஓடுகிற ஆள் என்பதால் கிரிக்கெட்காரர் என்னைச் சேர்க்கவில்லை. சைக்கிளும் என்னைச் சேர்க்கவில்லை. இரண்டு தரம் சாக்கடைக் கானுக்குள் தள்ளிவிட்டது. மிஞ்சியது பூதம்தான்.

அந்த வருடம் நாட்டில் குழப்பம். பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்காக மூடிக்கிடந்தன. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கி ரயில் பாதையைத் தாண்டிக் கடலில் முடியும். அந்த நீளத்தில் அம்மா எனக்கு அனுமதித்த தூரம், எங்கள் கேற்றிலிருந்து எதிர்ப்பக்க லொட்ஜின் படிக்கட்டு வரை. ஜன்னலில் நின்றால் அவவுக்குத் தெரிகிற தூரம்.

பூதத்தொழிலை எனக்குக் கொண்டுவந்து தந்தவர் கப்பல் மாமா. அம்மாவின் தம்பி, ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வரும்போது சொக்கலேற்றும் சவர்க்காரமும் கொண்டுவருவார். அந்தமுறை ஒரு புத்தகம். எவனோ ஒரு மாலுமி கட்டிலுக்கடியில் விட்டுப் போனதாம். அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கங்களும் இல்லை. பதினேழாம் பக்கத்தில், ஒரு வசனத்தின் நடுவில் தொடங்கியது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பூதம், பக்கத்தில் நம்பர்கள். டீசலும் உப்பும் கலந்த ஒரு வாசனை. "இங்கிலீசு படிக்க நல்லது," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கண்ணடித்தார் மாமா. அப்பா நம்பினார். இங்கிலீசில் எது அச்சடித்திருந்தாலும் அது படிப்பு என்பது அப்பாவின் மதம்.

இப்போது உங்களுக்கு அந்த விளையாட்டைச் சொல்லவேண்டும். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்கிறவன். அவனுக்குப் பேர் மாஸ்டர். மற்றவர்கள் ஒவ்வொரு கடதாசியில் ஒவ்வொரு வீரனை எழுதி வைத்திருப்பார்கள். "உனக்கு முன்னால ஒரு கதவு. அதுக்குப் பின்னால நாத்தம். என்ன செய்யிறாய்?" என்று மாஸ்டர் கேட்பான். வீரன் வாயால்தான் நடப்பான், வாயால்தான் வெட்டுவான். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதற்கு மட்டும் நம்பர் வேண்டும். இருபது முகமுள்ள தாயக்கட்டை போடச் சொன்னது புத்தகம். இருபது முகமுள்ள எதையும் கொழும்பில் நாங்கள் கண்டதில்லை. அம்மாவின் தம்போலாப் பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரையான மரவில்லைகளை உருவி ஒரு பால்மா டின்னில் போட்டேன். பூதத்தின் நம்பருக்குச் சமமாகவோ கூடவோ வில்லை வந்தால் வீரன் வென்றான். குறைந்தால் அடி. அவ்வளவுதான் சட்டம்.

விளையாட இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவன் காலி வீதியில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் மகன். மற்றவன் லொட்ஜ்காரன்.

லொட்ஜ்காரன் என்றால் லொட்ஜுக்குச் சொந்தக்காரன் இல்லை. வடக்கிலிருந்து தாயோடு வந்து, மேல்மாடியில் ஒரு அறையில் இருந்தவன். தகப்பன் ஏற்கனவே வெளிநாடு போய்விட்டார். இவர்கள் இருவரும் முறை வரும்வரை காத்திருந்தார்கள். அந்த லொட்ஜில் எல்லோரும் முறைக்குக் காத்திருந்தவர்கள்தான். காலையில் பொலிஸ் பதிவு, மத்தியானம் பார்சல் சோறு, பின்னேரம், களவாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் போனுக்காக மனேச்சரின் மேசையைச் சுற்றி நிற்பது. அறைகளிலிருந்து மூட்டைப்பூச்சி மருந்தும் பாண்ட்ஸ் பவுடரும் கலந்து மணக்கும்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. போகிற நாளை யாருக்கும் சொல்லமாட்டார்கள். ஏஜென்சிக்காரன் வாயைக் கட்டியிருப்பான். அதற்கு மேல் கண்ணூறு என்ற பயம். அதற்கும் மேல் பொலிஸ். பையோடு படியிறங்கும் ஒருவரிடம் அம்மா "எங்க, வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டால், "சும்மா நுகேகொடைக்கு அக்கா, சொந்தக்காரர் வீட்டை," என்பார்கள். அடுத்த நாள் அறைக்கு வேறு ஆட்கள் வந்திருப்பார்கள். அந்த ஒரு வருடத்தில், பக்கத்து ஊரான நுகேகொடைக்குப் போன சனத்தைக் கூட்டிப் பார்த்தால் அங்கே ஒற்றைக்காலில் நிற்கவும் இடம் இருந்திருக்காது.

லொட்ஜின் கீழ்ப்படிக்கட்டுக்கு அடியில், தண்ணி மோட்டருக்குப் பக்கத்தில் எங்கள் அரங்கு. மோட்டர் போட்டால் பூதம் கத்துவதாக வைத்துக்கொள்வோம்.

தொடக்கத்தில் நான் மகா மட்டமான மாஸ்டர். என் முதல் பூதத்துக்கு நூறு தலை, நெருப்பு மூச்சு, நம்பர் இருபது. இரண்டு வீரர்களும் மூன்று நிமிடத்தில் செத்தார்கள். நானா மகன் எழுந்து சாரத்தைத் தட்டிக் கட்டினான்.

"இதென்ன மச்சான் வெளாட்டு? வந்தோம், மவுத்தானோம். வாப்பாட கடையிலயே இதவிட சந்தோசமா ஈக்கலாம்."

அடுத்த நாள் பயத்தில் நம்பரை இரண்டாக்கினேன். கொட்டாவி விட்டுக்கொண்டே வென்றார்கள். பூதம் செய்வது பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஆளைக் கொல்லவும் கூடாது, சும்மா விடவும் கூடாது. வியர்க்க வைக்கவேண்டும், ஆனால் நாளைக்கும் வரவேண்டும். ஒரு கிழமை யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன்: பூதம் எவ்வளவு பெரிசு என்பதில் ஒன்றுமில்லை, எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம். மூன்று எலிப்பூதத்தை வெளியில் விட்டால் பூனைகூடத் திரும்பிப் பாராது. அதே மூன்றை ஒடுங்கிய படிக்கட்டில், விளக்கு நூர்ந்து இருட்டான பிறகு, வீரனின் கையில் தண்ணிக்குடம் இருக்கும்போது விட்டுப்பாருங்கள். நானா மகன் அன்றைக்கு உண்மையாகவே என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு இல்லை என்றான்.

ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, பூதத்துக்கு ஒரு பக்கமாகக் கோடு போட்டேன். ஐந்து கட்டம்: நம்பர், காயம், ஆயுதம், பலவீனம், மணம். மணம் என் சொந்தச் சரக்கு; புத்தகத்தில் இல்லை. லொட்ஜ் மனேச்சரின் இடுப்பில் கிலுங்கும் திறப்புக் கோர்வைச் சத்தம், கணக்கு வாத்தியாரின் இருமல், மூட்டைப்பூச்சிகளின் மகாராசா, எல்லாம் பூதமாயின. அம்மா ஜன்னலில் நின்று, "பிள்ளை கொப்பியும் கையுமாத்தான் இருக்கிறான்," என்று அப்பாவிடம் பெருமைப்பட்டா.

லொட்ஜ்காரன் விளையாடுகிற விதம் வேறு. நானா மகன் கதவைக் கண்டால் உதைப்பான். இவன் உட்கார்ந்து, கால்நகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பான்.

"வெளியில போற வழி எது?"

"டேய், இன்னும் உள்ளுக்கே போகேல்லையே."

"அதாலதான் கேக்கிறன். உள்ளுக்குப் போனாப் பிறகு கேட்டு என்ன செய்யிறது?"

"பயந்தாங்கொள்ளி," என்பேன் நான். ஒரு கரப்பான்பூச்சிக்குக் கட்டிலில் ஏறுகிற நான்.

ஒவ்வொரு பூதத்துக்கும் கேட்டான். நான் சொல்லாவிட்டால் அவனுடைய வீரன் அசையமாட்டான். ஒருநாள் என் கொப்பியை வாங்கி, அளவுகோல் இல்லாமல் கோணலாக, எல்லாப் பக்கத்திலும் ஆறாவது கட்டம் ஒன்றைக் கீறினான். மேலே எழுதினான்: வெளியில போற வழி.

"இது புத்தகத்தில இல்லை," என்றேன்.

"மணமும்தான் இல்லை."

கட்டம் நின்றது. அவன் எந்த ஊரிலிருந்து, எதற்குள்ளிருந்தெல்லாம் வெளியில் வந்தவன் என்று அப்போது நான் கேட்கவில்லை. மாஸ்டர்மாருக்கு மற்றவர்களைக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம்; அறிந்துகொள்ளப் பழக்கமில்லை.

அவனுடைய வீரன் ஒல்லியானவன், ஒரு கண் மங்கல், கையில் ஒரு கயிறு மட்டும். ஆனால் சாகவேயில்லை. நானா மகன் நான்கு வீரரைப் புதைத்து ஐந்தாவதை எழுதிக்கொண்டிருந்தான். இவனுடையவன் ஒன்பது தளமுள்ள என் நிலவறைக் கோட்டையில் எட்டைக் கடந்து ஒன்பதாவதில் நின்றான். அதன் வாசலைத் தாண்டினால் கோட்டைக்கு வெளியே. ஆட்டம் முடிந்தது, அவன் வென்றான். எனக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டு மேசையிலும் கொப்பியோடு இருந்து, என் வாழ்க்கையின் அதிசிறந்த பூதத்தைச் செய்தேன்.

வாசற்பூதம். அதற்கு வாளில்லை, நெருப்பில்லை. கதவுக்கு முன்னால் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும். மூன்று கேள்வி கேட்கும். வீரனை அல்ல, விளையாடுகிறவனை. உண்மை சொன்னால் அதன் நம்பரில் நான்கு குறையும். பொய் சொன்னாலோ பேசாமல் இருந்தாலோ பத்துக் கூடும். தொடக்க நம்பர் பதின்மூன்று; வில்லை குறைந்தால் ஒரே அடியில் சாவு. மூன்றும் உண்மையானால் ஒன்று. பிறகு எந்த வில்லை வந்தாலும் வெற்றி. ஒழுங்கை முனையிலிருந்த சோதனைச் சாவடியைப் பார்த்துச் செய்தது என்று சொன்னால் நீங்கள் என்னைப் புத்திசாலி என்று நினைப்பீர்கள். இல்லை. நானா மகன் என் மாரி பிஸ்கட்டைத் திருடியதை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் செய்தேன்.

ஆறாவது கட்டத்தை வெறுமையாக விட்டேன். இந்தப் பூதத்துக்கு வெளியில் போகிற வழி கிடையாது. அதுதான் என் பெருமை.

அன்று பின்னேரம் லொட்ஜ்காரன் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தான். எங்கள் ஒழுங்கையில் செருப்பே கலியாணத்துக்குத்தான். நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

"இண்டைக்கு முடிப்பமா?" என்றான். "இண்டைக்கே முடிக்கோணும்."

"ஏன், நாளைக்கு உனக்குப் பரீட்சையோ?" என்றேன். பள்ளிக்கூடமே இல்லாத வருடத்தில் அது நல்ல பகிடி என்று நினைத்துக்கொண்டு.

பூதத்தின் குரலுக்காகப் பால்மா டின்னுக்குள் வாயை வைத்தேன். "முதலாம் கேள்வி. என் மாரி பிஸ்கட்டைத் திண்டவன் யார்?"

"அவன்தான்," என்று நானா மகனைக் காட்டினான். "பாதி எனக்கும் தந்தவன்."

"அல்லாவே, காட்டிக் குடுத்துட்டானே!"

ஒன்பது. இரண்டாம் கேள்வி: "நீ ஆகக் கூடப் பயந்தது எப்ப?"

அவன் சப்பாத்து நாடாவை இழுத்துப் பார்த்தான். "பதுங்குகுழியில. மேல மண் விழுந்து வாசல் மூடினது. அம்மா கையாலதான் தோண்டினவ."

மோட்டர் ஓடவில்லை. ஐந்து. நான் அந்த இடத்திலேயே டின்னைக் கீழே வைத்திருக்கவேண்டும். ஆனால் என் பூதம் தோற்றுக்கொண்டிருந்தது. எனக்கு அதுதான் கவலை.

மூன்றாவதாக என்ன கேட்பதென்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாசலில் நிற்பவர்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"நீ எங்க போறாய்?"

அவன் முகம் வெளுத்தது. மேல்மாடியைப் பார்த்தான். அங்கே அவன் தாய் கம்பியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தா. எல்லாத் துணியையும்.

"வேற கேள்வி கேள்."

"பூதம் மாத்தாது."

"சொல்லேலாது."

"அப்ப பத்துக் கூடும்."

"நுகேகொடைக்கு எண்டு சொல்லவோ?" என்று மெல்லக் கேட்டான். கேட்டுவிட்டு அவனே, "இல்லை, உன்னட்டப் பொய் சொல்லேலாது," என்றான்.

பதினைந்து. அவன் கையை விட்டு ஒரு வில்லையை எடுத்தான். பதினொன்று. கொப்பியில் அவன் வீரனின் பேருக்கு எதிரே சிவப்புப் பேனையால் "செத்தான்" என்று எழுதினேன். கொஞ்சம் அழகாகவே எழுதினேன்.

"இன்னொருக்கா எடுக்க விடன்," என்றான். "ஒருக்கா."

"சட்டம் சட்டம்தான். நாளைக்குப் புது வீரன் எழுது."

அம்மா ஜன்னலிலிருந்து தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா. போய்க் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவன் இல்லை. டின் மூடியிருந்தது.

அடுத்த நாள் மேல்மாடி அறையில் மனேச்சர் கூட்டிக்கொண்டிருந்தார். கட்டில் மெத்தை வெயிலில் கிடந்தது.

"எங்க அங்கிள் அவையள்?"

"நுகேகொடைக்கு," என்றார் அவர், தும்புத்தடியை நிறுத்தாமலே.

டின்னைத் திறந்தேன். பத்தொன்பது வில்லைகள். இருபதைக் காணவில்லை. அடியில் நாலாக மடித்த ஒரு கடதாசி:

"கனடாவுக்கு. ஒருத்தருக்கும் சொல்லாதே. இருபதை நான் கொண்டுபோறன், போய்ச் சேர்ந்து தபாலில அனுப்புவன். அடுத்த பூதத்துக்கு வழி வை."

மூன்றாம் கேள்விக்கு உண்மையான பதில். பூதத்தின் நம்பர் ஒன்றாகிவிட்டது. அவன் எடுத்த பதினொன்றே போதும். வீரன் வாசலைத் தாண்டிவிட்டான்.

நானா மகன் அதைத்தான் சொன்னான். "மச்சான், இவன் வெண்டுட்டான்டா. 'செத்தான்' எண்டத வெட்டு."

நான் வெட்டவில்லை. என்னிடம் சொல்லாமல் போய்விட்டானே என்று கோபம். அதே சிவப்புப் பேனையை எடுத்து அந்தக் கடதாசியின் மேலேயே எழுதினேன்: பிந்திய பதில் செல்லாது. மாஸ்டர் கையொப்பமும் வைத்தேன்.

பிறகு நாலைந்து வருடம் தபால்காரரைப் பிடித்து அலைக்கழித்தேன். "இங்க பாரு தம்பி, கனடாவில உனக்கு ஆரும் பெம்பிளை பாக்கினமோ?" என்று கேட்டார் அவர். கோபம் போய்விட்டது. அவன் வந்தால் காட்டுவதற்கென்று புதிது புதிதாகப் பூதங்கள் செய்து வைத்தேன். இரண்டு கொப்பி நிறைந்தது. எல்லாவற்றிலும் ஆறாவது கட்டத்தை ஒழுங்காக நிரப்பினேன். பிறகு மீசை வந்தது, வேலை வந்தது, கலியாணம் வந்தது. வில்லை மட்டும் வரவில்லை. அங்கே போனவர்கள் எல்லோரும் போல் இவனும் மறந்துவிட்டான் என்று முடிவுகட்டினேன். கூட்டாளிகளுக்குச் சொல்லும்போது அவனுக்கு "இருபதைக் களவெடுத்தவன்" என்று பட்டம்.

அந்தப் பட்டத்தைத்தான் ஒருநாள் என் மகளுக்கு, டின்னைக் குலுக்கிக் குலுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தாமல் சொன்னா:

"ஆர், அந்த லொட்ஜ்ப் பொடியனோ? அது போய்ச் சேரேல்லையே."

டின் என் கையில் நின்றது.

"தாய் சேர்ந்தவ. பொடியன் சேரேல்லை. ஏதோ குளிர் நாட்டு எல்லையில, பூட்டின லொறிக்குள்ள. மூச்சு முட்டி. உள்ளுக்கிருந்து திறக்கேலாதாமே, அந்தக் கதவு. மனேச்சர்தான் சொன்னவர். அது அப்பவே, அடுத்த மாரிக்குள்ள."

"அம்மா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்கு அப்ப பள்ளிக்கூடம் திறந்து பரீட்சை. படிக்கிற பிள்ளைக்கு என்னத்துக்குச் சொல்லுறது? பிறகு... பிறகு நீ கேக்கேல்லை."

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவவும் அவன் தாயும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்: பிள்ளைக்குச் சொல்லாவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது என்று சொல்லித்தருகிற பள்ளிக்கூடம். தபால்காரரோடு நான் சண்டை பிடித்த ஒவ்வொரு நாளும் அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா. சொல்ல வந்து வந்து தேத்தண்ணி ஊற்றப் போயிருப்பா.

போன மாதம், வயதுக்காரரே, நான் உண்மையாகவே நுகேகொடைக்குப் போனேன். அந்த ஒழுங்கையில் "நுகேகொடைக்கு" என்று சொல்லிவிட்டு நுகேகொடைக்கே போய்ச் சேர்ந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சந்தைக்குப் பக்கத்து மாடியில் ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருபது முகத் தாயக்கட்டைகள், பச்சை, ஊதா, நெருப்புக் கலர். சுற்றி உட்கார்ந்து பொடியன்களும் பெட்டைகளும் அதே விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தார்கள். மேசையில் புத்தகம் கிடந்தது. புதுப் பதிப்பு, முதல் பக்கத்திலிருந்து. நான் வழுக்கைத் தலையோடு குனிந்து வாசித்ததைப் பார்த்து, கடைக்காரத் தம்பி, "விளையாடுவீங்களா அங்கிள்?" என்றான்.

"முந்தி மாஸ்டர்," என்றேன். ஓய்வுபெற்ற நீதவான் மாதிரி. "தம்பி, ஒரு சந்தேகம். நம்பர் குறைஞ்சா வீரன் சாகத்தானே வேணும்? சட்டம்."

அவன் சிரித்தான். "அப்படி இல்லை அங்கிள். முதலாம் பக்கத்திலயே இருக்கே. விளையாடுறவங்களுக்காகத்தான் சட்டம். பிடிக்காட்டி மாஸ்டர் மாத்தலாம். நீங்க நினைச்சா விட்டிருக்கலாம் தானே?"

நினைத்தால் விட்டிருக்கலாம். என் புத்தகம் பதினேழாம் பக்கத்தில் தொடங்கியது என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அது ஒரு சாட்டுத்தான். கெஞ்சுகிற கூட்டாளிக்கு இன்னொரு தரம் எடுக்க விடுவதற்கு எந்தப் பக்கமும் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலிருந்து கொப்பியை இறக்கினேன். கடதாசி பழுத்து, தொட்டால் உதிர்கிறது. சிவப்பு மை மட்டும் வெட்கமில்லாமல் அப்படியே இருக்கிறது. "செத்தான்" என்பதை வெட்டினேன். "செல்லாது" என்பதையும் வெட்டினேன். அதனால் எந்த லொறியும் திறக்காது என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் அவ்வளவு மடையன் இல்லை. பிறகும் வாசற்பூதத்தின் பக்கத்தைத் திருப்பி, அவன் கோணலாகக் கீறிவிட்டுப்போன, நான் வெறுமையாக விட்ட ஆறாவது கட்டத்தில், சின்ன எழுத்தில் எழுதினேன்:

வலப்பக்கம் ஒரு சின்னக் கதவு. பூட்டில்லை. உள்ளுக்கிருந்து திறக்கலாம்.